கற்பூரம் கோடம்பாக்கத்தில்

'நடுச்சாமத்து நாயகி' என்று ஒரு பேய்ப் படம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. அதில் நடித்தவர்களுக்கே ஞாபகம் இல்லை. பட்டணத்தில் ஒரே ஒரு கொட்டகையில் மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் போஸ்டரைக்கூட மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது என்பார்கள். ஆனால் எளாவூருக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற வெள்ளிமேட்டுக் குப்பத்தில் போய் அந்தப் படத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். தோளில் கிடக்கிற துண்டு தானாக இடுப்புக்கு இறங்கும். கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எல்லாம் கங்கம்மாளால் வந்தது.

கங்கம்மாளுக்கு அப்போது நாற்பது வயது. புருஷன் ஒரு கார்த்திகைப் புயலில் தோணியோடு போய்விட்டான். இருந்தது இரண்டும் பெண். குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏரியில் இறால் கொழுத்து விழுகிற இடங்கள் ஏழெட்டுத்தான். எல்லோரும் அங்கேயே வலையைப் போட்டால் மண்டைதான் உடையும். அதனால் ஆடி பிறந்ததும் சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்ன இடம் இன்ன வீட்டுக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு இருக்கிற வீட்டில் உலை கொதிக்கும். இல்லாத வீட்டுக்காரி அடுத்தவன் பிடித்த மீனைக் கூடையில் சுமந்து எளாவூர் செக்போஸ்ட் வரை நடந்து, லாரிக்காரர்களிடம் கூவிக்கொண்டு நிற்க வேண்டும். பாடு ஆம்பிளைக்குத்தான். ஆம்பிளை போனால் பாடும் போச்சு.

மூன்று வருஷம் கங்கம்மாள் பஞ்சாயத்தில் போய் நின்று கேட்டாள். ஊர்த் தலைவரான நாட்டார் செங்கல்வராயன் மூன்று வருஷமும் ஒரே பதிலைச் சொன்னார்.

"பொம்பள பேர்ல பாடா? ஏரி வத்திப் பூடும்மா. போய் வேற வேல இருந்தா பாரு."

நாலாம் வருஷம் ஆடிக் கூழ் ஊற்றும்போது ஊர்ப் பம்பைக்காரன் தேசப்பன் பம்பை அடித்தான், எல்லையம்மனை வர்ணித்துப் பாடினான், அம்மன் வந்து இறங்கினாள். வேறு யார் மேலும் இல்லை, கங்கம்மாள் மேல். தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு ஊரே நடுங்கக் கேட்டாள்: "என் மவளுக்குப் பாடு குடுங்கடா! இல்லன்னா ஏரியில ஒரு எறாவ கண்ணுல காட்ட மாட்டேன்!" சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அன்றைக்குப் பூசாரி, நாட்டார், பஞ்சாயத்தார் எல்லோரும் முந்திக்கொண்டு கொடுத்தார்கள். ஆனாலும் சீட்டில் பெண்பிள்ளை பெயரை எழுதக் கை வரவில்லை. புருஷனின் தம்பி திருமலை பெயரில் எழுதினார்கள். வலை அவன் போட வேண்டியது, இறாலில் பாதி இவளுக்கு. பாதி என்பது பேச்சு; கூடையில் பாதி எது என்று திருமலைதான் முடிவு செய்தான். அப்படியும் அடுப்பு எரிந்தது.

அன்றைக்கு வந்தது அம்மனா, தானா? சத்தியமாகக் கங்கம்மாளுக்கே தெரியாது. பம்பை உச்சத்துக்கு ஏறியபோது உடம்பு தன் வசத்தில் இல்லை, அது நிஜம். ஆனால் வாயில் வந்த வார்த்தை இருக்கிறதே, அது மூன்று வருஷமாக அவள் தொண்டையில் நின்றுகொண்டிருந்த வார்த்தை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணுவிடம்கூடச் சொன்னதில்லை. சின்னப்பொண்ணு கூட்டாளிதான், கூடை சுமக்கும்போது ஒன்றாகப் போகிறவள்தான். ஆனால் குடிகாரப் புருஷனிடம் வாரத்துக்கு இரண்டு முறை உதைபடுகிறவளிடம் நம் சந்தேகத்தையும் கொண்டுபோய் இறக்கி வைப்பானேன் என்று விட்டுவிட்டாள்.

இப்படியே அஞ்சு வருஷம் ஓடியது. எழுபத்திரண்டாம் வருஷம், ஆவணி மாசத்தில், சினிமா வந்தது.

ஒரு வேன், ஓர் அம்பாஸிடர், ஒரு கேமரா, அதைவிடப் பெரியதாக ஒரு டைரக்டர். ஆதிநாராயணன் என்று பெயர். கழுத்தில் கர்ச்சீப், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கூட வந்த புரொடக்‌ஷன் மேனேஜர் குப்புராஜுக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் பெண் எடுத்த வகையில் இந்த ஏரி தெரியும். வாடகை கேட்காத ஏரி, சம்பளம் கேட்காத பனைமரம், பேய்ப் படத்துக்கு வேறு என்ன வேண்டும் என்று சொல்லித்தான் அத்தனை பேரையும் கிளப்பிக்கொண்டு வந்திருந்தான்.

டைரக்டர் நாட்டார் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கதை சொன்னார். பணக்காரர் மகள் ஏரிக்கரைக்குப் பிக்னிக் வருகிறாள். செத்துப்போன மீனவப் பெண்ணின் ஆவி அவளைப் பிடித்துக்கொள்கிறது. சீமையில் படித்த டாக்டர் காதலிக்கிறார்.

"யார? பொண்ணயா, பேயயா?" என்று நாட்டார் கேட்டார்.

"ரெண்டு பேரையும்தான். அதுதாங்க கதையில டச்சு," என்றார் டைரக்டர்.

நாட்டாருக்குப் பாதி புரிந்தது. மீதியைப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது, ஏனென்றால் குப்புராஜ் அவர் காதருகே குனிந்து, "படத்துல ஊர்ப் பெரியவர் வேசம் ஒண்ணு கீது நைனா. உன் மூஞ்சி அதுக்கின்னே செஞ்ச மாரி கீது," என்று சொல்லிவிட்டான். ஒரே வரி வசனம்: "இது பேயேதான்!" செங்கல்வராயன் அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் காலையில் பல் துலக்கும்போது ஒருமுறை, நாஷ்டாவுக்கு உட்காரும்போது ஒருமுறை, பேரப்பிள்ளை அழுதபோது ஒருமுறை, "இது பேயேதான்!" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நடுச்சாமத்தில் எடுக்க வேண்டிய காட்சிகளை எல்லாம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எடுத்தார்கள். ராத்திரியில் எடுத்தால் விளக்குக்கு ஜெனரேட்டர் வேண்டுமாம். கேமராவுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடியைச் செருகினால் வானம் கறுத்துப் போகுமாம். வானம் கறுத்ததோ இல்லையோ, வெள்ளைச் சேலை கட்டிய பேய் வெயில் தாங்காமல் தலைக்குத் துண்டு கேட்டது.

கதாநாயகி வந்தாள். சேற்றில் ஒரு கால் வைத்தாள். கருவாட்டு வாசனையை ஒருமுறை இழுத்தாள். நேராகப் போய் அம்பாஸிடருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். ஆவி புகுந்து ஆட வேண்டிய காட்சிக்குக் கூப்பிட்டபோது மண் குத்துகிறது, விக் கழன்றுவிடும், வெயிலில் கறுத்துப் போவேன் என்று மூன்று காரணம் சொன்னாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவளுக்கு ஏரியே கோணலாக இருந்தது.

"தூரத்துல நின்னு ஆடறதுக்கு வேற ஆளப் போட்டுக்கலாம் சார். கிட்டத்துல காட்ற மூஞ்சிய அப்பால கோடம்பாக்கத்துல எடுத்துக்கலாம்," என்றான் குப்புராஜ். பிறகு ஊரைப் பார்த்து, "இங்க சாமி ஆட்றவங்க யாருப்பா?" என்று கேட்டான். ஊர் மொத்தமும் ஒரே பக்கம் கையைக் காட்டியது.

"நான் மாட்டேன்," என்றாள் கங்கம்மாள். "சாமி இன்னா வாடக சைக்கிளா, நெனச்சப்ப எடுத்து ஓட்றதுக்கு?"

"சாமி இல்லம்மா, பேய். சும்மா நடிப்பு," என்றான் குப்புராஜ்.

"அது இன்னும் மோசம். அம்மா ஏறுன ஒடம்புல பேய ஏத்துவாங்களா? பேஜாராப் பூடும், போய்யா."

குப்புராஜ் நாட்டாரைப் பார்த்தான். இந்தக் காட்சி இல்லை என்றால் அடுத்த காட்சி இல்லை. அடுத்த காட்சி இல்லை என்றால் "இது பேயேதான்" இல்லை. செங்கல்வராயன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"கங்கம்மா, ஊருக்காகச் சொல்றேன். ஆடிட்டு வா. வர்ற ஆடிக்கி சீட்டு குலுக்கறப்ப நான் உன் மொகத்தப் பாக்க வாணாமா?"

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவை இருக்கவில்லை. சீட்டுப் போனால் பாடும் போகும். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆக வேண்டும். கதாநாயகி கட்ட வேண்டிய மஞ்சள் சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டு வந்து நின்றாள்.

கேமராக்காரர் மண்ணில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். இதைத் தாண்டினால் படத்தில் விழமாட்டாய் என்றார். தாளத்துக்குத் தேசப்பனைப் பம்பையோடு நிற்க வைத்தார்கள். அவனுக்கு நடிப்புக்காக அடிப்பது என்றால் என்னவென்று தெரியாது. அடிப்பது என்றால் அழைப்பதுதான். கண்ணை மூடிக்கொண்டு, எல்லையம்மா தாயே என்று எடுத்தான் பாருங்கள், வேடிக்கை பார்க்க வந்த பெண்களில் மூன்று பேர் அங்கேயே தள்ளாடினார்கள்.

"ஆக்‌ஷன்!" என்று டைரக்டர் கத்தினார்.

கங்கம்மாள் ஆடினாள். முதலில் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஆடினாள். பிறகு கோடு எங்கே போனது என்று தெரியவில்லை. பம்பை மட்டும் இருந்தது. "கட்! கட்!" என்று யாரோ கத்துகிற சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்து வருவதுபோல் வந்தது. தேசப்பனுக்குக் கட் என்றால் என்னவென்று தெரியாததால் அவன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தான். குப்புராஜ் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தான். பம்பை நின்றது. கங்கம்மாளும் நின்றாள். மூச்சு இரைத்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

பூசாரி தட்டில் வெற்றிலையும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அழைத்த அம்மனை அப்படியே நிற்க விடக்கூடாது. வெற்றிலையில் கற்பூரத்தை ஏற்றி நாக்கில் வைத்து அணைத்தால்தான் அவள் உடம்பை விட்டு இறங்கி மலையேறுவாள். அதுதான் முறை. குப்புராஜ் குறுக்கே கையை நீட்டினான்.

"ஐயரே, அதெல்லாம் இங்க வாணாம். நேரம் போவுது, ஃபிலிமும் இல்ல. கற்பூரம் கோடம்பாக்கத்துல கொளுத்திக்கறோம். அம்மா, அந்தப் பொடவைய சீக்கிரம் அவுத்துக் குடு, கதாநாயகிக்கு வேணும்."

பூசாரி தட்டோடு திரும்பிப் போனார். அவரை யாரும் ஐயர் என்று அதற்கு முன் கூப்பிட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவர் வாதாடவில்லை. அன்று சாயந்திரம் கங்கம்மாளுக்கு மனசு உறுத்தியது. வீட்டிலாவது ஒரு கற்பூரம் ஏற்றிவிடலாமா என்று கேட்டதற்கு, "நடிப்புக்கு எவளாவது கற்பூரம் ஏத்துவாளாடி?" என்று சின்னப்பொண்ணு சிரித்தாள். ஆனால் சிரிக்க முடியாத பயம் ஒன்று கங்கம்மாளுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டது. பம்பை நின்றதும் தன்னால் நிற்க முடிந்ததே, அப்படியானால் பாடு கேட்ட அன்றைக்கு நின்றவள் யார்? அந்தக் கேள்வியோடு அவள் பத்து மாசம் மீன் விற்றாள்.

அடுத்த ஆனி மாசம் படம் கும்மிடிப்பூண்டி டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. குப்பமே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் மணலைக் குவித்து உட்கார்ந்தது. நாட்டாருக்கு மட்டும் பெஞ்சு.

நடுச்சாமத்துப் பேய்க்குக் காலடியில் கட்டை குட்டையாக நிழல் விழுந்தது. தூரத்தில் ஆடும்போது கங்கம்மாள், கிட்டத்தில் கண்ணை உருட்டும்போது கதாநாயகி. ஒரு மூச்சுக்கு இவள், ஒரு மூச்சுக்கு அவள். "தோ பார், நம்ம கங்கம்மா! அடச்சீ, பூட்டா!" என்று கொட்டகை கத்திக்கொண்டே இருந்தது. நாட்டார் வசனம் பேசுகிற இடம் வந்தது. திரையில் அவருடைய முதுகு தெரிந்தது. வேறு யாருடைய கீச்சுக் குரலோ, "இது பேயேதான்!" என்றது. அவ்வளவுதான். செங்கல்வராயன் முகம் சுட்ட பனங்கிழங்கு மாதிரி ஆகிவிட்டது.

உண்மையான வினை கடைசியில் இருந்தது. படத்தில் பக்தியும் இருக்க வேண்டும், பகுத்தறிவும் இருக்க வேண்டும், இரண்டு பக்கத்து ஆட்களும் டிக்கெட் வாங்குவார்களே என்று டைரக்டர் கணக்குப் போட்டிருந்தார் போலும். சீமை டாக்டர் விரலை நீட்டி, "ஆவியும் இல்லை, ஆண்டவனும் இல்லை! சொத்துக்காக இவள் ஆடியது அத்தனையும் நடிப்பு!" என்று முழங்குகிறார். அந்த 'நடிப்பு' என்ற வார்த்தை எதிரொலிக்க எதிரொலிக்க, திரையில் கங்கம்மாள் தலைவிரித்து ஆடுகிறாள். அடுத்த ரெண்டாவது நிமிஷமே ஒரு தாடிக்காரர் கதாநாயகிக்குக் கற்பூரம் ஏற்ற, பேய் நிஜமாகவே புகையாக வெளியே வருகிறது. டாக்டரும் கையெடுத்துக் கும்பிடுகிறார். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. முந்தின வசனம் மட்டும் திருமலையின் காதில் போய் உட்கார்ந்துவிட்டது.

சொத்துக்காக ஆடியது அத்தனையும் நடிப்பு. ஆடி பிறக்க இன்னும் பத்து நாள். சீட்டுக் குலுக்கும் நாளும் அதுதான். பாதியை முழுசாக ஆக்கிக்கொள்ள இதைவிட நல்ல வசனம் அவனுக்குக் கிடைக்குமா? மறுநாள் காலையில் நாட்டார் வீட்டு வாசலில் போய் நின்றான். முதுகு மட்டும் தெரிந்த கோபத்தில் யார் மேலாவது பாய வேண்டும் என்று காத்திருந்த நாட்டார், உடனே பஞ்சாயத்தைக் கூட்டினார்.

எல்லையம்மன் கோயிலுக்கு முன்னால், பூவரச மரத்தடியில் ஆம்பிளைகள் உட்கார்ந்தார்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள். கங்கம்மாள் நடுவில் நின்றாள். முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். இரண்டு பெண்களையும் வைத்துக்கொண்டு இனி என்ன செய்வேன், இருந்த பாதியும் போனால் எந்த லாரிக்குப் பின்னால் ஓடுவேன் என்பதுதான் அவள் மனசு முழுக்க இருந்தது.

திருமலை எழுந்தான்.

"எல்லாரும் படத்தப் பாத்தீங்கோ. அன்னிக்கி எடுத்ததயும் பாத்தீங்கோ. ஆக்சன்னா ஆடுனாங்கோ, கட்டுன்னா நின்னாங்கோ. நின்னுட்டு தண்ணி வேற வாங்கிக் குட்ச்சாங்கோ. சாமி வந்தவ இப்டித்தான் நிப்பாளா? அப்ப ஆறு வருசத்துக்கு முன்ன பாடு கேட்டாங்களே, அது மட்டும் இன்னா? அதே ஆட்டந்தான். நம்ம எல்லாரையும் மடையனாக்கிட்டாங்கோ எங்க அண்ணி."

"வாஸ்தவந்தான்," என்றது கூட்டம். மளிகைக்கடை தணிகாசலம் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்.

"இன்னா சொல்ற கங்கம்மா?" என்றார் நாட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். எனக்கே தெரியலைங்க என்று சொல்லிவிடத்தான் திறந்தாள். அதற்குள் தேசப்பன் பம்பையை மடியில் வைத்தபடி துள்ளி எழுந்தான். அவனுக்கு வேறு வகையில் பற்றி எரிந்தது.

"நாட்டாரே, ஒரு நிமிசம். நடிப்புன்றானே, அப்ப நான் அட்ச்சதும் நடிப்பா? நாப்பது வருசமா எங்கப்பன், நான்... எங்க பம்பைக்கி வராத சாமி எதுனா கீதா? நான் அன்னிக்கி முறையாத்தான் அழைச்சேன். வந்தாளா இல்லியான்னு அம்மாவக் கேளு. என் அழைப்பக் கொற சொல்லாத."

"நீ அழைச்ச, சரி. வந்திருந்தா நின்னிருப்பாளா?" என்று திருமலை மடக்கினான். "படத்துலயே பாத்தியே, கற்பூரம் ஏத்துன அப்பாலதானே எறங்குது? நம்ம ஊர் முறையும் அதானே?"

கங்கம்மாள் நிமிர்ந்தாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு என்ன ஆனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முந்தானையை முறுக்குவதை நிறுத்திவிட்டாள், அது எல்லோருக்கும் தெரிந்தது.

"கற்பூரம் யாருக்கு ஏத்துனாங்கோ, திருமலை?" என்றாள் மெதுவாக.

"அந்த நடிகைக்கி."

"எங்க?"

"அதான் கோடம்பாக்கத்துல."

"எனக்கு?"

கூட்டம் பூசாரியைப் பார்த்தது. பூசாரி தரையைப் பார்த்தார். தட்டோடு ஓடிவந்ததும், ஐயரே என்று கூப்பிட்ட சந்தோஷத்தில் திரும்பிப் போனதும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அழைச்சது நெஜம். தேசப்பன் சொல்லிட்டான். மலையேத்தல. அது ஊருக்கே தெரியும்," என்றாள் கங்கம்மாள். "ஆவணி போயி ஆனி வந்தாச்சி. பத்து மாசம். அப்ப இங்க நிக்கறது யாருடா, திருமலை?"

டா! கொழுந்தனை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பின்னல் எப்போது அவிழ்ந்ததோ, தலைமுடி தோளில் கிடந்தது. தேசப்பன் அவனை அறியாமல் பம்பையில் ஒரு தட்டுத் தட்டினான். செங்கல்வராயன் எழுந்தார். துண்டு தோளிலிருந்து இறங்கி இடுப்புக்குப் போனது. அதைப் பார்த்து மற்ற துண்டுகளும் இறங்கின.

"நம்பாதீங்கோ! இதுவும் நடிப்புதான்!" என்று திருமலை கத்தினான்.

"சரி, நடிப்புன்னே வெச்சிக்கோ," என்றாள். "வா. இப்பவே ஏரில தனியா எறங்கு. கழுத்தளவு தண்ணில போய் நில்லு. நான் கரைல நின்னு பாத்துக்கினு மட்டும் இருக்கறேன். வா."

ஏரி பத்தடி தூரத்தில் சாதுவாகக் கிடந்தது. திருமலை அதை ஒருமுறை பார்த்தான், அவளை ஒருமுறை பார்த்தான். நாலு வயசில் நீச்சல் பழகினவன், காலைத் தூக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அவன் பெண்டாட்டி ஓடிவந்து, சட்டையைப் பிடித்து இழுத்துத் தன்னோடு சேர்த்து அவனையும் கங்கம்மாள் காலில் தள்ளினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பத்து மாசமாக எல்லையம்மன் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்திருக்கிறாள். அவளிடம் யார் யார் என்னென்ன பேசினோம் என்று ஒவ்வொருவனுக்கும் ஞாபகம் வர ஆரம்பித்தது. மார்கழியில் கோயில் வாசலில் மீன் காயவைத்ததற்கு நாட்டார் அவளை நாயே என்று திட்டியிருந்தார். "தெரியாம சொல்ட்டேன் தாயே," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தணிகாசலம் கண்ணீரோடு, "சீமெண்ணெயில தண்ணி கலந்தேன் தாயே, உனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்தான்," என்றார். அதைக் கேட்டு எல்லோரும் தணிகாசலத்தை முறைத்தார்கள். திருமலை மண்ணில் முகத்தை வைத்தபடி, "பாதின்னு கால்தான் குட்த்தேன்," என்றான். கால் என்றது அரைக்கால். பயத்திலும் அவன் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னான்.

நாட்டார் வெற்றிலையில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"மலையேறும்மா. இனிமே எந்தக் கொறயும் வெக்க மாட்டோம்."

கங்கம்மாள் நாக்கையும் நீட்டவில்லை, கையையும் நீட்டவில்லை.

"சீட்டுல என் மவ பேர எழுது மொதல்ல. திருமலை பேரு இல்ல. கங்கம்மான்னு எழுது. அவளுக்கு அப்பால அவ பொண்ணுங்க பேரு. முழுப் பாடு."

"பொம்பள பேரு..." என்று இழுத்த நாட்டார், அவள் கண்ணைப் பார்த்ததும், "எழுதறேன் தாயே, எழுதறேன்," என்று முடித்தார்.

"எழுதி, குலுக்கி, வலை விழட்டும். ஆடிக் கூழுக்குப் பாத்துக்கலாம். பத்து மாசம் இருந்தவளுக்கு இன்னும் பத்துப் பதினஞ்சு நாளு இன்னா?"

கற்பூரம் ஏற்றப்படாமல் வெற்றிலையோடு அப்படியே அவள் கையில் கொடுக்கப்பட்டது. அம்மன் மனசு இரங்கும்போது அவளே ஏற்றிக்கொள்ளட்டும் என்று ஊர் முடிவு செய்தது. அவள் வீட்டுக்கு நடந்தபோது வழியில் நின்ற நாய்களைக்கூட விரட்டி ஒதுக்கினார்கள்.

சாயந்திரம் சின்னப்பொண்ணு வந்தாள். வாசலோடு நின்றாள். எப்போதும் நேராக அடுப்பங்கரைக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிறவள், அன்று உள்ளே கால் வைக்கவில்லை. இடது கண் வீங்கி, கன்னம் கறுத்திருந்தது.

"உள்ள வாடி, இன்னாத்துக்கு வெளிய நிக்கற?" என்றாள் கங்கம்மாள்.

"வரலாமா?" என்றாள் சின்னப்பொண்ணு. பிறகு குரலைத் தாழ்த்தி, "நெசமா சொல்லு. இருக்கறாளா உள்ள?"

கங்கம்மாள் கையில் இருந்த கற்பூரத்தைப் புரட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஒருத்தரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னாள்.

"தெரியல சின்னப்பொண்ணு. சத்தியமா தெரியல. ஆனா இத்த மட்டும் தெரியும். மூணு வருசம் கங்கம்மாவா நின்னு அழுதேன், ஒருத்தன் காதுல ஏறல. இன்னிக்கி ரெண்டே வார்த்த, அத்தினி துண்டும் எறங்கிடிச்சி. இப்ப இத்த ஏத்திட்டா நாளைக்கி யாரு இருப்பா? மறுபடியும் கங்கம்மாதான் இருப்பா." அவள் கண் கலங்கியது. "கங்கம்மா பேச்சு எவனுக்காவது கேக்கற வரைக்கும் அம்மா இங்கயே இருந்துட்டுப் போவட்டுமே. எனக்கின்னா, சோறா போடறேன்?"

சின்னப்பொண்ணு வீங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்டின்னா... எங்கூட்டுக்காரங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லச் சொல்றியா அவள? இப்பதான் குட்ச்சிட்டு வந்து பட்த்திருக்கறான்."

கங்கம்மாள் கற்பூரத்தை டப்பாவில் போட்டு மூடி, எட்டாத பரணில் வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அள்ளி முடிந்திருந்த தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு சின்னப்பொண்ணு வீட்டுக்கு நடந்தாள்.